இராமபாணம் துளைத்த வழி: சம்பூர் றங்குப்பெட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருகோணமலையில் நான் பணியாற்றும் பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரிகாலத்தில் வந்து சேர்ந்த றங்குப்பெட்டி ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. பெட்டிக்குள் இருந்த தாள்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் காப்பாற்றினோம். அவை ஒன்றோடொன்று கொண்டிருந்த தொடர்பைக் காப்பாற்றவில்லை. அந்தத் தவறு என்னுடைய தீர்மானத்தால் நேர்ந்தது. அதனால் ஒரு குடும்பம் பல மாதங்கள் காத்திருக்க நேரிட்டது. தவறு எப்படி நடந்தது, அதில் எவ்வளவு மீட்கப்பட்டது, எது மீளவே இல்லை என்பதை இதே பணியில் இருப்போரும் வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்போரும் அறிய வேண்டும் என்பதற்காக விரிவாக எழுதுகிறேன்.

ஆவணக் காப்பில் மூல ஒழுங்கு என்று ஒன்றைச் சொல்வோம். ஒரு தாள் எந்தத் தாளுக்கு அடுத்ததாக, எந்தக் கட்டுக்குள், எவர் வைத்தபடி இருந்தது என்ற செய்தியே அது. தாளில் எழுதப்பட்டதைப் போலவே அதுவும் சான்று; ஆயினும் எழுத்தில் இல்லாத சான்று என்பதால் அவசரத்தில் முதலில் தொலைவது அதுதான். திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கக் கோட்டை வாயில் ஒன்றே போதும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். வாயில் தூணில் இரட்டை மீன் சின்னத்தோடு பதிந்திருக்கும் கல்லில் ஒரு பாடலின் துண்டுகள் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. மீதியைச் செவிவழி வந்த வடிவத்தைக் கொண்டு நிரப்பிப் படிக்கிறோம். கல் அழியவில்லை, அதற்கு முன்னும் பின்னும் இருந்த கற்கள் எவை என்பது அழிந்துவிட்டது. அந்த வாயிலைச் சிறு வயது முதல் கடந்துவந்த நானே தாள்களில் அதே வேலையைச் செய்தேன் என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

பெட்டி வந்த வழி

பெட்டியைக் கொண்டுவந்தவர் சம்பூரைச் சேர்ந்த, அறுபதைக் கடந்த ஓர் அம்மா. அவருடைய தந்தையார் மூதூர்ப் பகுதிப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்த ஆசிரியர். தந்தையாரின் தந்தை வயலும் தென்னந்தோட்டமும் வைத்திருந்தவர், ஊர்க் கோயில் கணக்கையும் சில காலம் எழுதியவர். இரண்டு தலைமுறைத் தாள்களும் ஒரே றங்குப்பெட்டிக்குள் இருந்தன. 2006 சித்திரையில் போரால் சம்பூர் மக்கள் ஊரை விட்டு வெளியேறியபோது இந்தக் குடும்பம் எடுத்துச் சென்ற மிகச் சில பொருட்களில் இந்தப் பெட்டியும் ஒன்று. ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று அது மக்களோடு நகர்ந்தது. 2007 இல் கிளிவெட்டி முகாமுக்குத் திரும்பிய பின்னர் தந்தையார் அங்கேயே காலமானார். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுவிக்கப்பட்ட பின் பெட்டி மறுபடியும் சம்பூருக்குப் போய், தகரக் கூரையின் கீழ் ஒரு மரக்கட்டிலின் அடியில் இருந்தது.

கூரை ஒழுகியது. ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. மூன்றாம் நாள் அந்த அம்மா ஒரு முச்சக்கர வண்டியில் பெட்டியை ஏற்றிக் கிண்ணியாப் பாலம் வழியாக எங்களிடம் கொண்டுவந்தார். 2009 இல் அந்தப் பாலம் திறக்கப்படும் முன்னராயின் துறையடியில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருந்திருக்க வேண்டும். ஈரத்தாளுக்கு அந்த ஒரு நாளும் பெரிது. நூலக வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மகள், இதெல்லாம் அப்பாட. வாசிக்க எனக்குக் கண் தெரியாது, எறியவும் மனம் வரல்ல. நீங்களே வச்சிருங்க. உறுதித் துண்டு ஏதும் கிடந்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க."

உறுதி என்றால் காணியின் உரிமைப் பத்திரம். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் செவிமடுத்தேன், எழுதி வைக்கவில்லை.

மேசைகளில் நடந்தது

நனைந்த தாளில் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். திருகோணமலையின் வாடைக்காற்றுக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். கச்சான் வீசும் மாதங்களில் ஒரு கொப்பியைத் திறந்து வைத்தால் மாலைக்குள் மொறுமொறுப்பாகிவிடும். மாரியில் அதே கொப்பி ஒரு கிழமைக்கும் உலராது. பெட்டியைத் திறந்தபோதே புளித்த மணம் வந்தது. வாசிப்பு மண்டபத்தின் பின்பகுதியை மூடி, நீள மேசைகளில் ஒற்றுத்தாளும் வெள்ளைப் பிடவையும் விரித்து, இருந்த மின்விசிறிகளையெல்லாம் ஓடவிட்டோம். உதவிக்கு மாணவர் இருவர் நின்றனர்.

அங்கேதான் நான் அந்தத் தீர்மானத்தை எடுத்தேன். ஒரே அளவுத் தாள்கள் ஒரே வேகத்தில் உலரும், திருப்பிப் போடவும் எளிது என்று கருதி, தாள்களை இனம் பிரிக்கச் சொன்னேன். கடிதங்கள் ஒரு மேசையில், கடித உறைகள் இன்னொன்றில், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள், சங்கக் கடைப் பற்றுச்சீட்டுகள், பாடசாலைக் குறிப்புகள், நாளிதழ்த் துணுக்குகள், தனித்தாள்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்குப் போயின. துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி ஒரு தகரக் குவளையில் போட்டோம். கடல்காற்று படும் ஊரில் குண்டூசி தாளைத் தின்றுவிடும், கழற்றியது சரி. எந்த ஊசி எந்தத் தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது என்று ஒரு கோடும் எழுதாமல் கழற்றியது பிழை. பெட்டியின் அடுக்கைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை நான் பூஞ்சணத்துக்குப் பயந்து சேமித்தேன்.

இரண்டு பொருட்கள் மட்டும் இந்தப் பிரிப்பிலிருந்து தப்பின. ஒன்று, சிறிய ஏட்டுக்கட்டு. பனையோலை ஏடுகள் துளையில் கயிறு கோத்தபடியே இருந்தன. இடது ஓரத்தில் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களும் கீறப்பட்டிருந்ததால், அவை கலைந்திருந்தாலும் மீண்டும் அடுக்கியிருக்கலாம். நம்மவர் ஏட்டுக்கு எண்ணும் கயிறும் சட்டமும் வைத்தது எவ்வளவு தீர்க்கமான ஏற்பாடு என்பது காகிதத்தைக் கையாளும்போதுதான் புரிகிறது. இன்னொன்று, கெட்டி அட்டை போட்ட ஒரு கணக்குப் பேரேடு. அது முழுக்க ஊறி ஒரு செங்கல்லைப் போலாகியிருந்தது. பிரித்தால் தாள்கள் கிழியும் என்பதால் அதைத் தொடாமல், பொலித்தீனில் சுற்றி, உறையவைக்க முடிவுசெய்தோம். நனைந்த நூலை மறை 18 (−18) பாகை செல்சியசுக்குக் கீழ் உறையவைத்தால் பூஞ்சணம் வளராது, மை மேலும் கசியாது, ஆறுதலாகப் பின்னர் பிரிக்கலாம். நூலகத்தில் அத்தகைய குளிரூட்டி இல்லை. மீன் வாடி வைத்திருக்கும் ஒருவர் தம்முடைய ஆழ்குளிரூட்டியில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். பாரை மீன்களுக்குப் பக்கத்தில், நான்கு பொலித்தீன் உறைகளுக்குள், அந்தப் பேரேடு பங்குனி வரை இருந்தது. இந்த ஆய்வில் சொல்லத்தக்க நல்ல முடிவு ஏதும் உண்டென்றால் அது அவருடைய பெருந்தன்மையால் கிடைத்தது.

பேரேட்டைத் தூக்கியபோது அதன் நடுவிலிருந்து ஒரு தாள் நழுவி விழுந்தது. மாணவர் ஒருவர் அதை எடுத்து, எங்கே வைப்பது என்று கேட்டார். "தனித்தாள்கள்" மேசையைக் காட்டினேன்.

விய வருடம், ஆவணி 12

தாள்கள் உலர்ந்தன. தைக்குள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து முடித்தோம். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற அளவில் நிறத்தோடு, சுருக்காமல் பதிந்தால் ஏறத்தாழ 46 மெகாபைற்று வரும். ஆயிரம் தாள் என்றால் 46 கிகாபைற்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில் என்ற முறைப்படி அவற்றை வைத்தோம். அப்போது நாங்கள் மனநிறைவோடு இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு தாளும் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

மாசியில் அந்த அம்மா மீண்டும் வந்தார். உறுதித் துண்டு கிடைத்ததா என்று கேட்டார். உறுதி கிடைக்கவில்லை, ஆயினும் "தனித்தாள்கள்" பெட்டியில் காணி பற்றிய ஒரு தாள் இருந்தது. சிவப்புக் கோடிட்ட கணக்குத்தாளில் பென்சிலால் எழுதப்பட்டது. "விய வருடம் ஆவணி 12ந் திகதி" என்று தொடங்கி, மூத்த பிள்ளைக்கு இன்ன வயல், நடுப் பிள்ளைக்கு இன்ன தோட்டம், கடைசிப் பிள்ளைக்கு வீட்டு வளவு என்று மூன்று பங்கும், ஒவ்வொன்றுக்கும் நான்கு எல்லைகளும் அதில் இருந்தன. பெயர் எதுவும் இல்லை. கையொப்பமும் இல்லை. எல்லைகளாகக் குறிக்கப்பட்டவை ஒரு புளியமரம், ஒரு வாய்க்கால், கோயில் வீதி ஆகியவை.

வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது எல்லோரும் அறிந்தது. விய வருடம் 1946 இலும் வந்தது. 2006 இலும் வந்தது. 1946 என்றால் இது பாட்டனார் தம் மூன்று பிள்ளைகளுக்கு எழுதியது. 2006 என்றால், ஊரைப் பிரிந்து வெருகல் பக்கம் தங்கியிருந்த நாட்களில் ஆசிரியர் தம் மூன்று பிள்ளைகளுக்கு எழுதியது. இரண்டு தலைமுறையிலும் பிள்ளைகள் மூவர். அப்பா முகாமில் ஒரு தாளில் ஏதோ எழுதி வைத்ததாகத் தம்பி சொன்னார் என்பதால், அந்த அம்மா இது அப்பாவுடையதே என்று உடனே நம்பினார். கண்கலங்கித் தாளைத் தடவிப் பார்த்தார். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே: அப்பா எழுதியது என்று நூலகம் எழுதித் தருமா?

தர முடியவில்லை. இந்தத் தாள் பெட்டிக்குள் எங்கே இருந்தது என்று சொல்ல முடிந்திருந்தால், அதற்கு மேலும் கீழும் கிடந்த தாள்களே காலத்தைச் சொல்லியிருக்கும். நாங்கள் அதைத் தனித்தாளாக்கியிருந்தோம்.

மற்றச் சான்றுகள் எதுவும் உதவவில்லை. தாள் அந்தப் பேரேட்டிலிருந்து கிழித்தது என்பது கோடுகளின் இடைவெளியிலிருந்து தெரிந்தது. பேரேடு 1939 இல் தொடங்குவதால் 1886 ஆம் ஆண்டு விய வருடத்துக்கு இடமில்லை. ஆனால் பேரேட்டின் பின்பகுதியில் எழுதாத தாள்கள் இன்றும் உள்ளன, ஆகவே 2006 இலும் ஒருவர் அதிலிருந்து கிழித்திருக்கலாம். பென்சில் காலம் காட்டாது. எழுத்து வடிவத்தைப் பார்த்தோம். ணை, லை, னை முதலியவை பழைய முறையில் மேலே கொம்பு சுழித்து எழுதப்பட்டிருந்தன. தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978 இல். அதன் பின்னர் அச்சில் அந்த வடிவங்கள் மெல்ல மறைந்தன. எனினும் அதற்கு முன் எழுதப் படித்த ஓர் ஆசிரியர் 2006 இலும் பழைய கொம்பே போட்டிருப்பார். அவருடைய பாடக்குறிப்புகளில் அப்படித்தான் போட்டிருக்கிறார். தந்தைக்கும் மகனுக்கும் கையெழுத்துச் சாயல் ஒன்றாகவே இருந்தது, ஏனெனில் மகனுக்கு அரிச்சுவடி எழுதப் பழக்கியவர் தந்தை. திகதியோடு கிழமையும் எழுதப்பட்டிருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தீர்த்திருக்கலாம், ஏனெனில் அறுபது ஆண்டில் கிழமை மாறிவிடும். கிழமை எழுதப்படவில்லை.

துளைகள்

பங்குனியில் பேரேட்டைக் குளிரூட்டியிலிருந்து எடுத்துப் படிப்படியாக ஈரம் இறக்கி, தாளுக்குத் தாள் ஒற்றுத்தாள் இட்டுப் பிரித்தோம். முன்பகுதி முழுவதும் பாட்டனாரின் கணக்கு: நெல், தேங்காய், கூலி, கோயில் செலவு. கடைசிப் பதிவு 1946 ஆடி. அதற்கு எதிர்ப்பக்கம் அவர் எழுதாமல் விட்ட பக்கம். அதில் ஆசிரியர் 1958 தையில் தம் வீட்டுக் கணக்கை மையால் தொடங்கியிருக்கிறார். பூச்சி துளைத்த புத்தகம் அது. இராமபாணம் என்று நம்மவர் பெயரிட்ட பூச்சி, பெயருக்கேற்றபடி, தாள்களை ஊடுருவி நேரே போகும். ஒரு பக்கத்தில் உள்ள துளை அடுத்த பக்கத்திலும் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கும்.

நாங்கள் முதலில் கவனித்தது துளைகளை அல்ல, ஆசிரியரின் எழுத்தை. 1958 பக்கத்தில் மூன்று இடங்களில் சொற்கள் விலகி நின்றன. "மண்ணெண்ணெய்" என்ற சொல்லில் ண்ணெ முடிந்து ய் எழுதப்படும் முன் ஒரு விரற்கடை வெளி. அந்த வெளியில் ஒரு துளை. "கொப்பி" என்று எழுதியபோது கொவின் கால் சற்று வளைந்து, இன்னொரு துளையின் ஓரத்தைச் சுற்றிப் போயிருந்தது. மூன்றாவது இடத்தில் அவர் வரியையே ஒரு கோடு கீழே இறக்கியிருந்தார். உருப்பெருக்கியில் பார்த்தால் மை துளையின் விளிம்பில் எங்கும் அறுபடவில்லை. அதாவது 1958 தையில் அவர் எழுத உட்கார்ந்தபோதே துளைகள் இருந்தன. அவற்றைத் தவிர்த்து எழுதினார்.

அந்தப் பென்சில் தாளிலும் துளைகள் மூன்று. அதன் படத்தை ஒளிபுகும் தாளில் அச்சிட்டு, பேரேட்டின் ஒவ்வொரு விரிப்பின் மீதும் வைத்துப் பார்த்தோம். தாள் கிழிக்கப்பட்ட பின்பகுதியில் எங்கும் பொருந்தவில்லை. அங்கே பூச்சியே போகவில்லை. 1946 ஆடிக்கும் 1958 தைக்கும் இடையில் சற்றுச் சரிவாக வைத்தபோது மூன்று துளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. தாளின் மேல் ஓரத்தில் இருந்த துருக்கறையும் 1946 பக்கத்தில் இருந்த துருக்கறையோடு ஒட்டியது. ஒரு குண்டூசி அதை அங்கே பிடித்திருந்திருக்கிறது. அந்த ஊசி எங்கள் தகரக் குவளைக்குள் எங்கோ கிடக்கிறது.

ஓர் ஐயம் எஞ்சியது. துளை விழுந்த பழைய தாள் ஒன்றை எடுத்து 2006 இல் எழுதியிருக்கக் கூடாதா? அதற்கும் தாளே விடை சொன்னது. "வாய்க்கால்" என்ற சொல்லில் க்காவின் கால் பாதி இல்லை. "புளியமரம்" என்பதில் ளியின் சுழி துளைக்குள் போய்விட்டது. பென்சில் கோடு துளையின் ஒரு விளிம்பில் நின்று மறு விளிம்பில் தொடர்கிறது. எழுதியவர் துளையைக் காணவில்லை, ஏனெனில் அவர் எழுதும்போது துளை இல்லை. எழுத்து முதலில், பூச்சி பிறகு, 1958 கணக்கு அதற்கும் பிறகு. ஆகவே இந்த விய வருடம் 1946 ஆகும்.

இந்தக் கணிப்பை நாங்கள் மூவர் தனித்தனியே சரிபார்த்தோம். பென்சில் தண்ணீரில் கரையாதது எங்கள் நற்பேறு. அதே பெட்டியில் நீல மையில் எழுதிய பல தாள்கள் வெறும் நீலப் படலமாகிவிட்டன. பேரேட்டை நான் அன்று பிரிக்கத் துணியாததும் நற்பேறே. அதையும் மற்றவற்றோடு தாள் தாளாகக் கழற்றி உலர்த்தியிருந்தால், துளைகள் ஒன்றுக்கொன்று பேசியிரா.

அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல நானே சம்பூருக்குப் போனேன். அவர் விரும்பிய விடை இதுவல்ல என்று தெரிந்திருந்தது. தாளின் படத்தையும் பேரேட்டின் படத்தையும் முற்றத்தில் விரித்து, துளைகளைக் காட்டி, பொறுமையாக விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"அப்பப்பா எழுதினதெண்டா இது எங்கட மட்டும் இல்ல. மாமிமாரிட பிள்ளைகள் மூதூரில இருக்காங்க. அவங்களுக்குச் சொல்லத்தானே வேணும், மகள்."

மாமிமார் என்று அவர் சொன்னது தந்தையாரின் சகோதரிகளை.

தாள் யாருடையது, எழுத்து யாருடையது

நூலகம் காணிப் பிணக்கில் தீர்ப்புக் கூறும் இடமன்று. நாங்கள் எழுதிக் கொடுத்தது தாளின் விவரமும், அது இருந்த இடம் பற்றிய எங்கள் கணிப்பும், அக்கணிப்புக்கான காரணங்களும், மூல ஒழுங்கை நாங்களே கலைத்தோம் என்ற ஒப்புதலும் மட்டுமே. கையொப்பம் இல்லாத ஒரு பென்சில் தாள் உறுதியாகாது என்பதையும் அவரிடம் சொன்னோம். எனினும் போரில் ஊரையும் உறுதியையும் சேர்த்து இழந்த குடும்பங்களுக்கு இத்தகைய துண்டுகளின் பெறுமதி தனி. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை காணியுரிமையைத் தேட இயலாமல் போனோரின் நிலையைக் கருதியே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை சிறப்பேற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய ஒருவர் கொண்டுவரும் பெட்டியை நூலகர் பழம்பொருளாக மட்டும் பார்க்கலாகாது. நான் அப்படித்தான் பார்த்தேன். அவர் உறுதி என்று சொன்ன சொல் என் காதில் விழுந்தும் மனதில் பதியாததற்குக் காரணம் அதுவே.

பெட்டியைத் தருபவர் தாளைத்தான் தருகிறார். அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை வேறு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவர் வாழ்ந்த காலமும் அதன் பின் 70 ஆண்டும் அது நீடிக்கும். ஆசிரியருக்குப் பிறர் எழுதிய கடிதங்களின் உரிமை அந்தப் பிறருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் உரியது. ஆகவே அவற்றை நூலகத்துக்குள் வாசிக்கத் தருகிறோம், இணையத்தில் இடவில்லை. போர்க்காலக் கடிதங்களில் உயிரோடிருப்போரின் பெயர்களும் யார் எங்கே தங்கியிருந்தார் என்ற செய்திகளும் உள்ளன; அவற்றை ஒரு தனி உறையில் மூடி வைத்திருக்கிறோம். திருவிழாத் துண்டுப்பிரசுரங்களும் பாட்டனாரின் கணக்கும் திறந்திருக்கின்றன. ஏட்டுக்கட்டைப் பொறுத்தவரை, 1815 மார்ச் 2 க்கு முற்பட்டதாக நம்பத்தக்க பொருளே 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தில் தொல்பொருளாகும். இந்தக் கட்டு அவ்வளவு பழையதாகத் தெரியவில்லை.

இப்போது செய்வது

இந்த நிகழ்வுக்குப் பின் ஆவணப் பிரிவில் வேலையின் வரிசை மாறியிருக்கிறது. வரும் பெட்டி நனைந்திருந்தாலும் உலர்ந்திருந்தாலும், கை வைக்கும் முன் மூடியோடு ஒரு படம், திறந்த பின் ஒரு படம், ஒவ்வோர் அடுக்கை எடுக்கும் போதும் ஒரு படம். ஊசி கழற்றும் முன் அது சேர்த்துப் பிடித்த தாள்களுக்கு ஒரே எண். கடிதமும் உறையும் பிரிக்கப்படுவதில்லை. ஈரமாயின் பக்கத்தில் பக்கத்தில் உலர்கின்றன. கொண்டுவருபவர் சொல்வதை அவர் அனுமதியோடு ஒலிப்பதிவு செய்கிறோம். எதற்காக இதை இத்தனை காலம் வைத்திருந்தீர்கள், இதில் என்ன தேடுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளும் கட்டாயம் கேட்கப்படுகின்றன. தாள்களின் படப்பிரதி முழுவதும் அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்படுகிறது.

பட்டியல் எழுதும் முறையையும் திருத்தினோம். எங்கள் பழைய பட்டியல்கள் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. ஒருங்குறிக்கு (யூனிக்கோடு) மாற்றியபோது "மூதூர்" என்ற சொல்லே பல பதிவுகளில் தூ உடைந்து, து தனியாகவும் கால் தனியாகவும் நின்றது. திரையில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ஓர் ஊரின் ஆவணங்கள் அந்த ஊரின் பெயரால் தேடுவோருக்கு அகப்படாமல் போயிருந்தன. அவற்றைக் கையால் திருத்தும் வேலை இன்னும் நடக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் திரட்டிவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தை எங்கள் மாணவர்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். தேடுபவருக்குச் சொல் சரியாக அகப்பட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அங்கே பார்த்துத்தான் இதில் பிடிவாதம் கொண்டோம்.

மாரி தொடங்கும் முன் புரட்டாதியில் ஒரு நாள் வாசிப்பு மண்டபத்தைத் திறந்து வைத்து, வீட்டிலுள்ள பழைய தாள்களைக் கொண்டுவந்து காட்டுமாறு ஊர் மக்களை அழைக்கிறோம். எதையும் வாங்கிக்கொள்வதில்லை, எப்படி வைப்பது என்று மட்டும் சொல்கிறோம். முதல் முறை மூதூரிலிருந்து ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியோடு வந்தவர், சம்பூர் அம்மா குறிப்பிட்ட மாமிமாரில் ஒருவரின் பேத்தி.

பொருந்தாமல் எஞ்சியவை

இருபத்தாறு கடிதங்களும் முப்பத்தோர் உறைகளும் இன்னும் தனித்தனியே இருக்கின்றன. கடிதங்களில் திகதி இல்லை. உறைகளில் அஞ்சல் முத்திரைத் திகதி உண்டு. மடிப்பின் அளவு, நீர்க்கறையின் விளிம்பு, மையின் நிறம் இவற்றைக் கொண்டு ஒன்பதைச் சேர்த்தோம். அவை அந்தக் கணக்கில் இல்லை. மற்றவற்றுக்கு இராமபாணமும் உதவவில்லை, ஏனெனில் கடிதக்கட்டு பெட்டியின் மறுபக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடிகிறது.

தம்பி சொன்ன அந்த முகாம் தாள், ஆசிரியர் தம் கையால் 2006 இலோ 2007 இலோ எழுதியதாக நம்பப்படுவது, பெட்டியில் அகப்படவில்லை. நனைந்து நீலப் படலமான தாள்களுள் அது ஒன்றா என்று அறிய, வெவ்வேறு ஒளியில் படம் பிடித்துப் பார்க்கிறோம். இரண்டு தாள்களில் வரிகளின் நிழல் மட்டும் தெரிகிறது. சேகரிப்பின் விவரணப் பட்டியலில் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: "இச்சேகரிப்பின் மூல ஒழுங்கு, நூலகத்துக்கு வந்த அன்று ஆவணப் பிரிவினரால் கலைக்கப்பட்டது. பேரேடும் ஏட்டுக்கட்டும் தவிர ஏனையவற்றின் அடுக்கு நூலகத்தார் அமைத்தது."